யாருடைய பூசணிக்காய்

என் தங்கை விழுந்த செய்தி மறுநாள் நான் வேலை பார்த்த பத்திரிகையிலேயே நான்கு வரியில் வந்தது. "ஸ்கூட்டர் நிலைதடுமாறியதில் பெண் படுகாயம்." நிலைதடுமாறுவது என்பது காவல் நிலையத்திலிருந்து வரும் சொல். செய்தி மேசையில் அதை யாரும் தொடுவதில்லை. வசதியான சொல் அது. வண்டி தானாகத் தடுமாறும், ஆள் தானாக விழுவார், வேறு யாரும் அந்த வாக்கியத்துக்குள் வரவேண்டிய அவசியமில்லை.

அன்று ஆயுத பூசை. தங்கை கணபதி பகுதியில் ஒரு தனியார் மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தாள். வீடு அன்னூரில். பூசை நாள் சாயங்காலம் சத்தி ரோட்டில் வண்டி நகராது என்று கோவில்பாளையத்துக்கு முன்பே கிளைச்சாலையில் திரும்பியிருக்கிறாள். அந்தச் சாலையில் வரிசையாகப் பட்டறைகள். எங்கள் பக்கம் நாலு லேத் போட்டாலும் அதற்குப் பெயர் கம்பெனிதான். அப்படிப்பட்ட கம்பெனி ஒன்றின் கேட்டுக்கு நேர் எதிரே, நடுரோட்டில், திருஷ்டி கழித்த பூசணிக்காய் ஒன்று சிதறிக் கிடந்தது. முன்சக்கரம் அதன் சதையில் ஏறியது. இடது கையை ஊன்றி விழுந்தாள்.

மறுநாள் காலை நான் அங்கே போய்ப் பார்த்தேன். குங்குமத் தண்ணீர் தார் ரோட்டில் ஊறிக் கறுத்திருந்தது. விதைகளை எறும்பு இழுத்துக்கொண்டிருந்தது. காய்க்குள் போட்ட சில்லறையை யாரோ பொறுக்கிவிட்டார்கள். தோல் துண்டுகள் எல்லாம் அப்படியே இருந்தன. ஸ்கூட்டர் சறுக்கிய கோடு அவற்றின் நடுவிலிருந்து தொடங்கி, கேட்டுக்கு எதிரிலிருந்த மின்கம்பத்தின் அடியில் முடிந்தது. கேட்டில் கட்டிய வாழைக்கன்று இன்னும் வாடவில்லை.

இடது மணிக்கட்டு நொறுங்கியிருந்தது. தகடு வைத்துத் தைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, உள்ளே நசுங்கிய நரம்பு கூடவில்லை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றுக்கும் உணர்ச்சி போய்விட்டது. அசையும், பிடிக்கும், ஆனால் எதைத் தொடுகிறோம் என்று தெரியாது. வேறு ஒருவருக்கு இது ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். தங்கைக்கு அந்த ஆள்காட்டி விரல்தான் வேலை. இடது விரலால் முழங்கை மடிப்பைத் தடவி ரத்த நாளத்தைக் கண்டுபிடித்துவிட்டு, வலது கையால் ஊசி போடுவாள். குண்டாக இருப்பவர்கள், வயதானவர்கள், கீமோ எடுத்து நாளமெல்லாம் ஒளிந்துபோனவர்கள் என்று மற்றவர்கள் குத்திக் குத்திப் பார்த்துக் கைவிட்ட ஆட்களை எல்லாம் அவளிடம்தான் அனுப்புவார்கள். "கண்ணுல பாக்கறதுக்கு என்னண்ணா இருக்குது, அது விரலுக்குத்தான் தெரியும்" என்பாள்.

கட்டுப் போட்ட மூன்றாம் நாளோ நான்காம் நாளோ கம்பெனி முதலாளி மருத்துவமனைக்குப் பார்க்க வந்தார். அறுபதை நெருங்கியவர். சோளக்காட்டிலிருந்து கிளம்பி வந்து பட்டறை போட்டு மேலே வந்தவர் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. அவர் பின்னால் ஆப்பிள் பையும் ஹார்லிக்ஸும் தூக்கிக்கொண்டு ஒருவர் வந்து வாசலோடு நின்றார். கம்பெனியில் லோடு இறக்குவது, இரும்புத்தூள் அள்ளுவது, மெஷின் துடைப்பது என்று எல்லா வேலையும் பார்ப்பவர். வெள்ளகோவில் பக்கத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும்.

"ஏனுங்கம்மணி, இப்ப எப்படிங்க இருக்குது?" என்றார் முதலாளி. "நம்ம கேட்டுக்கு முன்னால இப்படி ஆயிப்போச்சுன்னு கேள்விப்பட்டதும் சோறே எறங்கலீங்க. நல்ல நாளும் அதுவுமா."

அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவர் பேசியதில் 'ங்க' இல்லாத வாக்கியம் ஒன்றுகூட இல்லை. பூசணிக்காய் என்ற சொல்லும் ஒருமுறைகூட வரவில்லை. ரோடு மோசம் என்றார். பஞ்சாயத்தில் விளக்குப் போடச் சொல்லி எத்தனையோ முறை மனு கொடுத்ததாகச் சொன்னார். நடுவில் போன் வந்ததும் பேசிக்கொண்டே வெளியே போனார்.

வாசலில் நின்றவர் உள்ளே வந்து பையைக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். பிறகு தங்கையைப் பார்க்காமல், அவள் கட்டைப் பார்த்துச் சொன்னார்.

"தப்பு நம்மளதுதானுங்கம்மணி. நாந்தான் ஒடச்சது."

நான் கேட்டேன். "நடுரோட்லயா ஒடைப்பீங்க? ஒடச்சதும் ஓரமாத் தள்ளி வெக்கறதுக்கென்ன?"

"ஒடச்சுப்போட்டுத் திரும்பிப் பாக்காம வந்துரோணும்னு மொதலாளி சொன்னாருங்க. பாத்தா திருஷ்டி நம்ம பின்னாலயே கம்பெனிக்குள்ள வந்துருமாங்க. வருசா வருசம் அப்படித்தான்."

"நீங்க பாக்கவே இல்லீங்களா?" என்றாள் தங்கை.

"வண்டி உளுந்த சத்தம் கேட்டுதுங்க." அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "அப்பவும் பாக்கலீங்க."

முதலாளி திரும்பி வந்தபோது அவர் பழையபடி வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

போலீஸ் வழக்கு எங்களுக்கு உதவவில்லை. எதிரே வண்டி இல்லை, மோதியவர் இல்லை. கவனக்குறைவாக ஓட்டித் தானே விழுந்ததாக எழுதி முடித்துவிட்டார்கள். மருத்துவமனை தங்கையை வேலையிலிருந்து நீக்கவில்லை, பில் போடும் கவுண்டருக்கு மாற்றியது. அவளைத் தேடி வந்த நோயாளிகள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கையை நீட்டிக் காட்டினார்கள். "நீங்களே எடுங்கம்மா." அவள் ரசீதைக் கொடுத்து உள்ளே அனுப்பினாள். ஒரு மாதம் போனதும், வக்கீலைப் பார்க்கலாம் என்று அவளே சொன்னாள்.

நாங்கள் பார்த்த வக்கீல் ஒரு பெண்மணி. கோர்ட்டுக்குப் பின்னால் மாடியில் அலுவலகம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கேட்டார்.

"உங்களுக்கு யாரு பொறுப்பேத்துக்கணும்? ஒடச்சவரா, ஒடைக்கச் சொன்னவரா?"

"சொன்னவரு" என்றாள் தங்கை.

"அப்ப ஒண்ணை நிரூபிக்கணும். டிரைவர் முதலாளியோட லோடை எறக்கப் போறப்ப ஒருத்தரை இடிச்சா, முதலாளிதான் பதில் சொல்லணும். அதே டிரைவர் அதே லாரிய எடுத்துட்டு சினிமாவுக்குப் போறப்ப இடிச்சா, அது டிரைவர் பாடு. சட்டம் இவ்வளவுதான்." பேனாவை மூடினார். "உங்க கேஸ்ல பூசணிக்காய் லோடா, சினிமாவா? அதான் கேள்வி."

தங்கை சிரித்தாள். விழுந்த பிறகு அவள் சிரித்து நான் அப்போதுதான் பார்த்தேன்.

படி இறங்கும்போது அவள் சொன்னாள்: "காசு வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டுங்ண்ணா. எங்க பூசணிக்காய்தான்னு அவரு வாயால சொல்லோணும். அது போதும்." இதை நான் அப்படியே நம்பவில்லை. கைக்கு இன்னொரு அறுவை சிகிச்சை செய்து பார்க்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார், அதற்குப் பணம் வேண்டும். ஆனாலும் அவள் அந்த வாக்கியத்தைத்தான் எதிர்பார்த்தாள் என்பதைப் பின்னால் பார்த்தேன்.

முதலாளியையும் தொழிலாளியையும் சேர்த்து வழக்குப் போட்டோம். நோட்டீஸ் போன பிறகும் முதலாளியின் மரியாதை ஒரு துளியும் குறையவில்லை. கோர்ட் வராந்தாவில் எதிர்ப்பட்டால், "வாங்க சார், சாப்பிட்டீங்களா, அம்மணிக்கு கை தேவலைங்களா?" என்பார். அவருடைய பதில் மனுவில், கம்பெனியில் அன்று பூசை மட்டும்தான் நடந்தது, பூசணிக்காய் உடைக்கும்படி யாரும் சொல்லவில்லை, தொழிலாளி தன் சொந்த நம்பிக்கையில் வேலை நேரம் முடிந்த பிறகு செய்தது என்று இருந்தது. தொழிலாளியின் மனுவிலும் அதே வாக்கியங்கள் இருந்தன. இரண்டுக்கும் வக்கீல் ஒருவரே.

வாய்தா மேல் வாய்தா என்று ஒரு வருடத்துக்கு மேல் போனது. தங்கை சாட்சி சொன்னாள். மருத்துவமனையில் தொழிலாளி சொன்னதை அப்படியே சொன்னாள். வலி குறையப் போட்ட ஊசியில் மயக்கமாக இருந்திருப்பீர்கள் என்றார் எதிர்வக்கீல். நானும் சொன்னேன். நீங்கள் வாதியின் கூடப்பிறந்தவர்தானே என்று கேட்டார், ஆமாம் என்றேன், உட்காரச் சொல்லிவிட்டார்.

தொழிலாளி கூண்டில் ஏறிய நாள் கோர்ட்டில் ஓரளவு கூட்டம் இருந்தது. புதிதாகச் சவரம் செய்திருந்தார்.

"பூசணிக்காய் யாரு வாங்கினது?" என்றார் எங்கள் வக்கீல்.

"நானுங்க."

"எதைச் சுத்தி ஒடச்சீங்க?"

"மெஷினைங்க. லேத்து, டிரில்லிங், எல்லாத்தையுங்க."

"மெஷின் உங்களுதா?"

பின்னால் சிரித்தார்கள். நீதிபதி நிமிர்ந்து பார்த்ததும் அடங்கியது.

"இல்லீங்க. ஆனா தெனமும் நாந்தானுங்க தொடைக்கறேன். என்ர ஆசைக்குச் சுத்துனேன்."

"திரும்பிப் பாக்காம வரச் சொன்னது யாரு?"

அவர் என் தங்கை பக்கம் பார்த்தார் என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியாது. அவள் இருந்த பக்கத்தில்தான் ஜன்னலும் இருந்தது.

"ஆருஞ் சொல்லலீங்க. அது உலக வழக்கம்."

அடுத்து முதலாளி. அமைதியாகத்தான் பதில் சொன்னார். பூசைக்கு ஐயர் வந்தார், பொரி கடலை கொடுத்தோம், ஆட்களுக்குத் துணி எடுத்தோம், எல்லாம் சரி. பூசணிக்காய் தெரியாது. எங்கள் வக்கீல் கடைசியாக ஒரே ஒரு கேள்விதான் வைத்திருந்தார்.

"கம்பெனி ஆரம்பிச்ச நாள்ல இருந்து எந்த வருசமாவது திருஷ்டி கழிக்காம விட்டிருக்கீங்களா?"

"இல்லீங்க" என்றார். தொழிலில் பெருமையுள்ளவர் சட்டென்று சொல்கிற பதில். சொன்ன பிறகுதான் நிதானித்தார்.

"அப்ப இவங்க விழுந்த வருசம்? கழிச்சீங்களா, இல்லையா?"

அவர் கை நெற்றித் திருநீற்றுக்குப் போய், தொடாமல் திரும்பியது. எனக்கு அந்த நேரத்தில் அவர் மேல் கோபமில்லை. அவர் எதை இழக்கத் துணிவார் என்று தெரிந்துகொள்ளும் ஆவல்தான் இருந்தது. கழித்தோம் என்றால் வழக்கில் தோற்பார். கழிக்கவில்லை என்றால், தன் கம்பெனி ஒரு வருடம் முழுக்க ஊர்க்கண் பட்டு நின்றது என்று பலர் அறியத் தன் வாயாலேயே சொன்னதாகும். எங்கள் பக்கத்தில் மனிதர்கள் விளையாட்டுக்குக்கூடத் தங்கள் தொழிலைப் பற்றி அப்படி ஒரு சொல் சொல்லமாட்டார்கள். கடையில் அரிசி தீர்ந்தால்கூட இல்லை என்று சொல்வதில்லை.

பக்கத்தில் தங்கை பெஞ்சு நுனிக்கு நகர்ந்தாள்.

"அந்த வருசம் கழிக்கலீங்க" என்றார்.

தீர்ப்பு வர மேலும் சில மாதங்கள் ஆயின. நடுரோட்டில் பூசணிக்காயை உடைத்து அகற்றாமல் விட்டது கவனக்குறைவு, காயத்துக்குக் காரணம் அதுதான். இதுவரை எங்கள் பக்கம். ஆனால் அது கம்பெனி வேலையின் பகுதியாகவோ, முதலாளி சொல்லியோ நடந்தது என்பது நிரூபிக்கப்படவில்லை. முதலாளி மேல் வழக்குத் தள்ளுபடி. நஷ்டஈடு முழுவதையும் தொழிலாளி கொடுக்க வேண்டும்.

"ஜெயிச்சிருக்கோம்" என்றார் வக்கீல். அவரே சிரிக்கவில்லை. "காகிதத்துல."

கோர்ட் வளாகத்து வேப்பமரத்தடியில் தொழிலாளி தனியாக உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். முதலாளியின் கார் போய்விட்டிருந்தது. தங்கை நேரே அவரிடம் நடந்தாள். அவர் பீடியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார்.

"அம்மணி, ஜப்தி பண்ண வர்றதா இருந்தா ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு வாங்க. ஊட்டக் கூட்டி வெக்கறேன். ரெண்டு ஆடு இருக்குதுங்க, அதுல ஒண்ணு நொண்டி."

"எதுக்குங்க பொய் சொன்னீங்க?"

"பொய் சொன்னா எனக்கு வேலை இருக்குதுங்க. நெசத்தைச் சொல்லியிருந்தா நீங்க வேலை குடுப்பீங்களா?"

தங்கை தன் இடது கையைப் பார்த்தாள். "எனக்கே ஊசி போடற வேலை போயிருச்சுங்க" என்றாள்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "தெரியுமுங்க" என்றார்.

அவர் மேல் வாங்கிய தீர்ப்பை அவள் நிறைவேற்றக் கேட்கவில்லை. முதலாளி மேல் மேல்முறையீடு செய்யலாம் என்று வக்கீல் சொன்னார். பார்க்கலாம் என்றாள். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை.

தீர்ப்புக்கு அடுத்த ஆயுத பூசை வந்தது. அவள் ஸ்கூட்டரை எப்போதோ விற்றுவிட்டாள். பூசை நாளில் பஸ் கூட்டம் என்பதால் சாயங்காலம் அவளை வேலையிலிருந்து வீட்டுக்கு என் காரில் அழைத்துப் போனேன். சத்தி ரோடு வழக்கம்போல அடைத்துக் கிடந்தது. நான் கேட்காமலேயே, "கிளைரோட்லயே போங்கண்ணா" என்றாள்.

கம்பெனி கேட்டுக்கு முன்னால் நிற்க வேண்டியதாயிற்று. வாழைக்கன்று கட்டிய மினி லாரி ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே நின்றது. ஆட்கள் பத்துப் பேர் பொரிப் பொட்டலத்தோடு நின்றார்கள். முதலாளி கையில் பூசணிக்காய். அதன் தலையில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. மெஷின்களை எல்லாம் சுற்றி முடித்துவிட்டார்கள், உடைக்க வேண்டியதுதான் பாக்கி. அவர் அந்தக் காயைத் தொழிலாளியிடம் நீட்டினார். தொழிலாளி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"புடிப்பா. கற்பூரம் அணையப் போகுது."

"நான் ஒடச்சா எனக்குத்தானுங்க மொதலாளி திருஷ்டி கழியும். கம்பெனிக்குக் கழியாதுங்க."

"என்றா ஒளர்றே?"

"நானா ஒளர்றேன்? கோர்ட்லயே சொல்லிப்போட்டாங்களுங்க. நான் ஒடச்சா அது என்ர காயி."

ஆட்கள் பொரி வாயோடு சிரித்தார்கள். ஒருவர், "அதுவுஞ் செரிதானுங்க மொதலாளி. அந்தத் தடவ ஒடச்சதுல இவருக்குக் கழிஞ்சுதான் ரெண்டு ஆடும் நல்லா இருக்குது" என்றார். இன்னொருவர், "ஒண்ணு நொண்டீங்க" என்றார். சிரிப்பு கூடியது.

முதலாளி வேறொருவரிடம் நீட்டினார். அவரும் பின்வாங்கினார். "நமக்கு எதுக்குங்க, கேசு கீசுன்னு." அடுத்தவர் கேட்டுக்குள்ளேயே போய்விட்டார். பட்டறைக் கதவுப் பக்கம் நின்றிருந்த முதலாளியின் மனைவி சத்தமாகச் சொன்னார்: "நீங்களே ஒடைங்க. ஒரு வருசம் கழிக்கலைன்னு ஊரே கேக்கச் சொல்லிப்போட்டு வந்தீங்க. இதையும் விட்டுப்போட்டீங்கன்னா நான் இங்க நிக்கமாட்டேன்."

கற்பூரம் காயின் தோலைக் கருக்கத் தொடங்கியிருந்தது. அவர் ரோட்டின் நடுவுக்கு வந்தார். எங்கள் காருக்கு மூன்று அடி முன்னால். உள்ளே யார் இருக்கிறோம் என்று பார்த்தாரா என்று தெரியவில்லை. முகப்பு விளக்கு அவர் கண்ணில் அடித்திருக்க வேண்டும். தலைக்கு மேல் தூக்கி ஓங்கி அடித்தார். வயதானவருக்கு அவ்வளவு பலம் நான் எதிர்பார்க்கவில்லை. சிவப்புத் தண்ணீர் எங்கள் பம்பர் வரை தெறித்தது. சில்லறை உருண்டது. அவர் வேட்டியை மடித்துப் பிடித்துக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தார்.

தங்கை கதவைத் திறந்து இறங்கினாள்.

"ஏனுங்க" என்றாள்.

அவர் நின்றார். குரல் தெரிந்திருக்க வேண்டும், தோள் லேசாக உயர்ந்தது. ஆனால் திரும்பவில்லை.

"ஏனுங்க, இது யாருதுங்க?"

ஆட்களின் சிரிப்பு நின்றுவிட்டது. மனைவி கேட்டிலிருந்து, "திரும்பாதீங்க, வாங்க" என்றார். அதட்டலாக அல்ல, கெஞ்சலாக. அவர் நடந்தார். கேட்டுக்குள் போனார். கடைசிவரை திரும்பவில்லை.

தங்கை குனிந்து துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினாள். வலது கையால் சேலையை ஒதுக்கிக்கொண்டு இடது கையால் பொறுக்கினாள். பிடிக்கும் கைதான், கண்ணால் பார்த்துக்கொண்டே எடுத்தால் விழாது. ஒவ்வொன்றாக எடுத்து மின்கம்பத்தடியில் போட்டாள். தொழிலாளி ஓடிவந்து சதையைக் காலால் தள்ளி ஓரம் கட்டினார். நான் இறங்கிப் போனபோது முக்கால்வாசி முடிந்திருந்தது. மினி லாரியை யாரோ ஓரமாக எடுத்தார்கள்.

காரில் ஏறியதும் என்னிடம் துண்டை வாங்கி இடது கையைத் துடைத்தாள். கண்ணுக்குத் தெரிந்த இடத்தையெல்லாம் துடைத்தாள். "திங்கக்கெழம வக்கீலம்மாவைப் பாக்கலாங்ண்ணா" என்றாள். சரி என்றேன்.

ஆள்காட்டி விரலின் உள்பக்கம் ஒரு விதை ஒட்டியிருந்தது. அன்னூர் வரை அவள் அதைத் தட்டிவிடவில்லை.